பழைய பவுடர் டப்பா கைக்கு வந்தால்

டெக்சஸில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரியவர் ஒருவர் போன வருடம் காலமானார். கராஜைக் காலி செய்யத் தொடங்கிய அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, மூலையில், தோட்டாவுக்குள் போடும் துப்பாக்கிப் பவுடர் டப்பாக்கள் இருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். "இதெல்லாம் அவருடைய சாமான். உங்களுக்குத்தான் தோட்டா நிரப்பும் பழக்கம் இருக்கிறதே, எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாமே நல்ல பவுடர் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்."

உள்ளே ஏழு டப்பாக்கள். இரண்டு தகரம், மூன்று அட்டை உருளை, ஒரு பிளாஸ்டிக் குப்பி, அடியில் ஒரு காபி டப்பா. காபி டப்பாவின் மேல் ஒட்டியிருந்த டேப்பில் பேனாவால் "4895?" என்று பவுடரின் எண் எழுதியிருந்தது. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்த அந்த நிமிடமே காபி டப்பாவின் கதை முடிந்துவிட்டது. மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. புதிதாக ரீலோடிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த நிலைமை சீக்கிரமே வரும். கிளப்பில் யாராவது கொடுப்பார்கள், இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் எஸ்டேட் சேலில் மலிவாகக் கிடைக்கும், இல்லையென்றால் நாமே வாங்கி மறந்துபோனது அலமாரியில் கிடைக்கும். அன்றைக்கு நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸில் புது ப்ரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பவுடரும் புல்லட்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டியதில்லை. மாநிலத்துக்கும் ஊருக்கும் விதிகள் மாறும். இந்தியாவில் அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனியாக உரிமம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்ப முடியாது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள்.

பவுடர் ஏன் கெடுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்றைய துப்பாக்கிகளில் போடுவது புகையில்லா பவுடர். அதன் உடம்பு நைட்ரோசெல்லுலோஸ்; பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலத்தில் போட்டுச் செய்வது. சில வகைகளில் கூடவே நைட்ரோகிளிசரினும் சேரும். புகையில்லா பவுடரை 1884-இல் பிரான்சில் போல் வியெய் என்ற வேதியியலாளர் முதன்முதலாக உருப்படியாகச் செய்தார். நைட்ரோகிளிசரினும் வாசலினும் சேர்ந்த கார்டைட் அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் வந்தது. ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே 1903-இல் தொடங்கிய கார்டைட் ஃபாக்டரியின் பெயர் இந்தச் சரக்கின் பெயர்தான்.

இந்த நைட்ரோசெல்லுலோஸ் செய்த நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருக்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அவை அமிலமாகும். அந்த அமிலம் மீதி நைட்ரோசெல்லுலோஸை இன்னும் வேகமாகச் சிதைக்கும். தயிர் புளிப்பது போல. புளிக்கப் புளிக்க வேகம் கூடிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே டைஃபினைலமைன் போன்ற ஒரு நிலைப்படுத்தியை எடையில் சுமார் 1 சதவீதம் சேர்க்கிறார்கள். வருகிற வாயுவை எல்லாம் அது வாங்கிக்கொண்டு தன்னையே தீர்த்துக்கொள்ளும். அது இருக்கும்வரை பவுடர் பத்திரம். தீர்ந்ததும் தடுக்க ஆளில்லை. குவியலாக இருந்தால் உள்ளேயே சூடேறி, வெளியிலிருந்து நெருப்பு படாமலே பற்றிக்கொள்ளவும் கூடும்.

இது வெறும் ஏட்டுக் கதை இல்லை. பிரெஞ்சுக் கடற்படையின் ஏனா என்ற போர்க்கப்பல் 1907-இல் தூலோன் துறைமுகத்தில் வெடித்தது. அதே துறைமுகத்தில் 1911-இல் லிபெர்த்தே வெடித்தது. இரண்டுக்கும் பழி விழுந்தது கிடங்கில் இருந்த சிதைந்த பவுடர்மேல். ராணுவங்கள் இன்றும் தங்கள் கையிருப்பில் மாதிரி எடுத்து நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று ஆய்வகத்தில் அளக்கின்றன. அமெரிக்க ராணுவத்தில் 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த லாட்டை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியை) ஒழித்துவிடுவார்கள். நம்மிடம் ஆய்வகம் இல்லை. மூக்கும் கண்ணும் டப்பாவின் மேல் இருக்கும் எழுத்தும்தான் இருக்கின்றன.

நிலைப்படுத்தி எவ்வளவு காலம் தாங்கும் என்பது வயதைவிடச் சூட்டைப் பொறுத்தது. சுமாராக 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சிதையும் வேகம் இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ ஆகும். வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில் இருந்த 50 வருடப் பவுடர் நன்றாகச் சுடுவதுண்டு. டெக்சஸ் கோடையில் தகரக் கூரை கராஜில் கிடந்தது அதில் கால்வாசிக் காலத்திலேயே போய்விடலாம். ஆகவே பழைய டப்பாவைக் கொடுப்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வருடமாச்சு?" இல்லை. "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்பதுதான். அந்த அம்மாள் சொன்ன பதில்: "முதலில் வீட்டுக்குள் இருந்தது. நான் சத்தம் போட்ட பிறகு கராஜுக்குப் போனது." எந்த வருடம் சத்தம் போட்டார் என்பது அவருக்கு நினைவில்லை.

முதல் வேலை: என்ன பவுடர் என்று உறுதி செய்தல்

திறக்க வேண்டாம். முதலில் லேபிளைப் படியுங்கள்.

கரிமருந்து என்று நாம் சொல்லும் பழைய கறுப்புப் பவுடர் வேறு ஜாதி. வெடியுப்பு, கரி, கந்தகம் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் கலந்தது. அதில் தானாகச் சிதைகிற பொருள் எதுவும் இல்லை. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறை தாண்டியும் நிற்கும். ஆனால் ஒரு சின்னப் பொறி பட்டாலும் பிடித்துக்கொள்ளும்; புகையில்லா பவுடரைவிடக் கையாளுவதற்கு ஆபத்தானது. லேபிளில் 'எஃப்எஃப்ஜி', 'எஃப்எஃப்எஃப்ஜி' என்று இருந்தால் அது கரிமருந்து வகை. அதைக் கேட்கும் பழைய மாதிரித் துப்பாக்கியில் புகையில்லா பவுடரைப் போட்டால் குழல் வெடித்துக் கை போகும். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் புகையில்லா பவுடரைப் பற்றித்தான்.

அடுத்து, பெயர் இல்லாத பவுடரா? அங்கேயே நிறுத்துங்கள். "பார்த்தால் இன்ன பவுடர் மாதிரி இருக்கிறது" என்று சொல்கிற மகானுபாவர்கள் எல்லாக் கிளப்பிலும் இருப்பார்கள். குச்சி, உருண்டை, செதில் என்று மூன்று நான்கு வடிவம்தான் உண்டு. பவுடர் வகைகளோ நூற்றுக்கு மேல். ரெட் டாட் என்ற பவுடரில் சிவப்புச் செதில் தெரியும், கிரீன் டாட் என்பதில் பச்சை தெரியும் என்பதெல்லாம் உண்மை. அதை வைத்து அடையாளம் காணலாம் என்பது உண்மையில்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு பவுடரில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு வேகமாக எரியலாம்.

பெயர் இருந்தாலும் முழுப் பெயர் வேண்டும். காபி டப்பாவின் "4895?" இதற்குச் சரியான உதாரணம். ஐஎம்ஆர் என்ற பிராண்டில் ஐஎம்ஆர் 4895 என்று ஒன்று உண்டு, ஹாட்ஜ்டன் கம்பெனியின் எச்4895 என்று இன்னொன்று உண்டு. எண் ஒன்று, பவுடர் வேறு, அளவுக் கணக்கும் வேறு. 4831-இல் இது இன்னும் மோசம். ஐஎம்ஆர் 4831, எச்4831-ஐவிட வேகமாக எரியும். மெதுவானதற்கான அளவை வேகமானதில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதி வைத்த மனிதருக்கே சந்தேகம் இருந்தது என்பதற்கு அந்தக் கேள்விக்குறி சாட்சி.

சரி, லேபிள் இருக்கிறது, அசல் டப்பாதான் என்றால் வயதைக் கணிக்கலாம். தகரத்தில் டூபாண்ட் என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் 1986-க்கு முந்தையது. அந்த வருடம்தான் அவர்கள் இந்தத் தொழிலைக் கைமாற்றினார்கள். அவர்களுடைய ஐஎம்ஆர் என்ற பிராண்ட் பெயர் 2003-இல் ஹாட்ஜ்டனிடம் போனது. ஹெர்குலிஸ் கம்பெனி என்று இருந்தால் 1995-க்கு முந்தையது. அதற்குப் பிறகு அவர்களுடைய அதே யுனீக், புல்ஸ்ஐ பவுடர்கள் அலையன்ட் என்ற பெயரில் வருகின்றன. ஒட்டியிருக்கும் கடை விலைச் சீட்டும் உதவும். ஒரு பவுண்டு இன்று 40, 50 டாலருக்குக் குறையாமல் விற்கிறது. சீட்டில் 4 டாலர் என்றிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் திரும்பப்பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழையதுதான் கெடும் என்று இல்லை. ஐஎம்ஆர் 4007 எஸ்எஸ்சி போன்ற சமீபகாலத்துப் பவுடரே சீக்கிரம் சிதைகிறது என்று தயாரிப்பாளரே திரும்பக் கேட்ட கதை உண்டு.

திறக்கும் முன்

டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மூடியைச் சுற்றித் துரு இருக்கிறதா? வெளியே ஈரம் பட்டு வருகிற துரு பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும். மூடியின் விளிம்பிலிருந்து, உள்ளேயிருந்து வெளியே வருவது போலத் துரு இருந்தால் அது அமிலத்தின் வேலை. அட்டை உருளை என்றால் உலோக மூடியையும் அடித்தட்டையும் பாருங்கள். அட்டை பழுத்து, தொட்டால் உதிர்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் குப்பி நிறம் மாறி உள்பக்கம் பழுப்பேறியிருக்கிறதா? டப்பா தொட்டால் சூடாக இருக்கிறதா? இடுக்கில் புகை போல ஏதாவது தெரிகிறதா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் கீழே வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அதற்குமேல் அது உங்கள் வேலை இல்லை.

திறந்து பார்ப்பது

வெளியே, நிழலில், காற்றோட்டத்தில் திறக்க வேண்டும். பக்கத்தில் சிகரெட், கிரில் அடுப்பு எதுவும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரோகிளிசரின் கலந்த வகை தோல் வழியாக ஏறினால் தலைவலி வரும். அது மண்டையைப் பிளக்கும் ஜாதித் தலைவலி. ஒரு வெள்ளைக் காகிதமும் ஒரு சின்னப் பீங்கான் தட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்தவுடன் மூக்கை உள்ளே விடாதீர்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார் சொல்லிக்கொடுத்தது போல, டப்பாவைத் தள்ளிவைத்துக் கையால் விசிறி வாசனையை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள்.

நல்ல பவுடருக்கு ஒரு வாசனை உண்டு. தயாரிப்பில் பயன்பட்ட ஈதர், ஆல்கஹால் போன்ற கரைப்பானின் மிச்சம் அது. அடுத்த அறையில் யாரோ நெயில் பாலிஷ் திறந்தது போல, லேசாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். பழைய பவுடரில் வாசனையே இல்லாமலும் இருக்கலாம், அதுவும் பரவாயில்லை.

கெட்ட பவுடருக்கு வருவது வாசனை இல்லை, நெடி. மூக்கின் உச்சியில் சுருக்கென்று குத்தும், தொண்டை கமறும், கண் லேசாக எரியும். செம்புத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டபோது சோதனைக்குழாயில் செம்பழுப்பாக ஒரு புகை எழுந்து எல்லோரும் இருமினோமே, அதே வாயுதான் இது. ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. அந்த நெடி வந்தால் அதற்குமேல் சோதனை தேவையில்லை.

இரண்டாவது தகர டப்பாவில் எனக்கு நெடி முதலில் தெரியவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உள்பக்கத்தில் துரு பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது தெரிந்தது. இரண்டு கரண்டி பவுடரை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, காகிதத்தின் ஓரத்தைத் தூக்கி மெதுவாகச் சரித்தேன். குச்சிக் குச்சியான மணிகள் உருண்டு தட்டில் விழுந்தன. காகிதத்தில் செங்கல் பொடி போல ஒரு தடம் மட்டும் மிச்சம் நின்றது. விரலால் தடவினால் கையுறையில் பழுப்பாக ஒட்டியது. தகரத்தின் துரு கொஞ்சம் விழுந்திருக்கலாமே என்று முதலில் எனக்கும் ஆசை வந்தது. அப்புறம் மணிகளையே பார்த்தேன். கிராஃபைட் பூசிய பவுடர் கருஞ்சாம்பலாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். இவை மினுமினுப்பு போய்ப் பழுப்படித்திருந்தன. காற்று திரும்பியதும் நெடியும் வந்து சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள் இவைதான்: செம்பழுப்புத் தூசி, மங்கிப் பழுப்பேறிய மணி, எண்ணெய் தடவியது போன்ற பிசுபிசுப்பு, கட்டி தட்டுதல். கட்டியில் மட்டும் ஒரு நிதானம் வேண்டும். ஈரத்தால் லேசாகக் கட்டி தட்டினால் டப்பாவைச் சாய்த்தாலே உதிர்ந்துவிடும். ஆனால் நனைந்து காய்ந்த பவுடரை நான் தொடுவதில்லை. உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. நீங்களும் காயவைத்துப் பார்க்காதீர்கள். ஓவனில் காயவைக்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

காகிதத்தில் கொட்டிய பவுடர் லேபிளோடு ஒத்துப்போகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரியவரின் பிளாஸ்டிக் குப்பியில் உருண்டைப் பவுடர் என்று லேபிள் இருந்தது. கொட்டினால் செதில் செதிலாக விழுந்தது. காலியான குப்பியில் மனிதர் வேறு எதையோ ஊற்றி வைத்திருக்கிறார். நெடி இல்லை, தூசி இல்லை, பளபளவென்று புத்தம் புதிதாக இருந்தது. ஆனாலும் பெயர் தெரியாத பவுடர்தான் அது. காபி டப்பாவுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

எரித்துப் பார்த்தால் தெரியாதா

எல்லோரும் சொல்லும் சோதனை இது. ஒரு சிட்டிகையைத் தரையில் கொட்டிக் கொளுத்து, நன்றாகச் சீறி எரிந்தால் நல்ல பவுடர். இதனால் பயனில்லை. சிதையத் தொடங்கிய பவுடரும் திறந்த வெளியில் நன்றாகவே எரியும். நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்பதை ஜுவாலை சொல்லாது. அது எரிந்தது என்பதுதான் தெரியும். அடைபட்ட கேஸுக்குள், பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தில் எப்படி எரியும் என்பது தெரியாது.

கெட்ட பவுடர் பெரும்பாலும் வலுவிழந்துதான் போகும். வலுவிழந்தால் சுடாது, அவ்வளவுதானே என்று எண்ணிவிட வேண்டாம். பலம் போதாமல் புல்லட் குழலின் நடுவில் நின்றுவிட்டால், அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுடும்போது குழல் கிழியும். எதிர்ப்பக்கமும் நடக்கும். மணியின் மேல் முதலில் மெதுவாக எரிய வைக்கும் ஒரு பூச்சு உண்டு. அது சீர்குலைந்தால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறும். நன்றாக உலர்ந்துபோன பவுடரும் வேகமாக எரியும். எடையில் ஈரம் குறைந்த அளவுக்குப் பவுடர் கூடுதலாக விழுவதும் சேர்ந்துகொள்ளும். வறண்ட ஊர்களில், மூடி சரியாக மூடாத டப்பாவில் இதைக் கவனிக்க வேண்டும்.

தேறிய பவுடரை எப்படித் தொடங்குவது

ஏழில் எனக்குத் தேறியவை முத்திரை உடையாத ஒரு தகரமும் இரண்டு அட்டை உருளைகளும். அவற்றிலும் ஓர் உருளையில் இரண்டு கரண்டி பவுடர்தான் இருந்தது. அதைத் தேறியதாகவே நான் எண்ணவில்லை. சோதித்துப் பார்ப்பதிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு டப்பாவோடு கலந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஒரே பெயர், ஒரே கம்பெனி, வேறு லாட் என்றாலும் கலக்கக் கூடாது. பழையதில் தொடங்கிவிட்ட சிதைவைப் புதியதோடு சேர்த்து வைக்கிற வேலை அது.

தேறியதற்கும் பழைய அளவை அப்படியே போடக் கூடாது. பெரியவர் ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் தன் அளவுகளை எல்லாம் எழுதி வைத்திருந்தார். அது அவருடைய துப்பாக்கிக்கு, அவருடைய லாட்டுக்கு, அந்தக் காலத்துக்கு. தயாரிப்பாளரின் இன்றைய கையேட்டை எடுத்து, உங்கள் புல்லட் எடைக்கான தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். அதாவது கையேட்டில் இருக்கும் மிகக் குறைந்த அளவு. பெயர் கைமாறிய பவுடரில் இன்றைய அளவு பழைய டப்பாவுக்குப் பொருந்துமா என்று தயாரிப்பாளருக்கு லாட் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

நான் ஐந்து தோட்டா மட்டும் நிரப்பினேன். ஒவ்வொன்றையும் தராசில் தனியாக நிறுத்தேன். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன், அரை கிரெய்ன் வித்தியாசமே பேசும். வேகத்தை அளக்கக் குரோனோகிராஃப் வைத்து ஒன்றொன்றாகச் சுட்டேன். வேகம் கையேட்டில் இருப்பதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்துக்கும் நடுவில் பெரிய ஏற்ற இறக்கம் கூடாது. ஒரு தோட்டா சத்தம் குறைவாக, 'புஸ்' என்று போனால் நிறுத்துங்கள், துப்பாக்கியைக் காலி செய்யுங்கள், குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சுட்ட கேஸின் ப்ரைமர் தட்டையாகிப் பரந்திருந்தாலோ, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் திறக்க மறுத்தாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அந்தப் பவுடரும் வெளியே. எல்லாம் சரியாக இருந்தால் சீக்கிரம் சுட்டுத் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். வயசான பவுடரை ஆயிரக்கணக்கில் நிரப்பி அடுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏற்கெனவே நிரப்பிய பழைய தோட்டாக்கள் பெட்டியோடு வந்தால், சுட வேண்டாம். மற்றவர் நிரப்பியதைச் சுடுவதில்லை என்பது இந்தப் பழக்கத்தில் எழுதாத சட்டம். கற்றுக்கொள்வதற்காக ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்க்கலாம். பவுடர் கெட்டிருந்தால் கேஸின் உள்பக்கத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்புதான். புளி போட்டுத் தேய்த்தால் விளக்கு பளிச்சென்று ஆகிவிடும், கேஸ் ஆகாது. அமிலம் அரித்த பித்தளை நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், கழுத்தில் விரிசல் விடும். அந்தக் கேஸ்களையும் தூக்கிப் போடுங்கள்.

ஆகாததை என்ன செய்வது

குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. கழிப்பறையில் ஊற்றக் கூடாது. "அப்புறம் பார்க்கலாம்" என்று அலமாரிக்குத் திரும்ப அனுப்பவும் கூடாது. அலட்சியத்தின் பெரிய அளவு எப்படி இருக்கும் என்பதற்கு லூசியானாவின் கேம்ப் மிண்டன் இருக்கிறது. 2012 அக்டோபரில் அங்கே ஒரு கிடங்கு வெடித்தது. விசாரிக்கப் போனால், ராணுவம் கழித்துவிட்ட எம்6 பவுடர் சுமார் 1.5 கோடி பவுண்டு முறையில்லாமல் குவித்து வைக்கப்பட்டிருந்தது. அதை மூடிய உலையில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து முடிப்பதற்குள் வருடக்கணக்காகிவிட்டது.

ஒன்றிரண்டு பவுண்டுக்கு இரண்டு வழிகள் சொல்வார்கள். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் சங்கமான சாமி (SAAMI) சொல்வது: ஒதுக்குப்புறமான திறந்த வெளியில், ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஒரு குவியலுக்கு ஒரு பவுண்டுக்கு மேல் போகாமல், தள்ளி நிற்க நேரம் தரும்படி மெதுவாக எரியும் திரி வைத்து எரித்துவிடுவது. திறந்த வெளியில் எதையும் எரிக்க அனுமதியில்லாத ஊர்கள் நிறைய. கோடையில் டெக்சஸில் பல மாவட்டங்களில் தடை இருக்கும். இரண்டாவது வழி, புல்வெளியில் மெல்லியதாகத் தூவித் தண்ணீர் விடுவது. அதில் இருப்பது நைட்ரஜன், உரம் மாதிரிதான் போகும். நாய் வளர்க்கிற வீட்டில், பவுடர் கண்ணில் படாமல் மண்ணோடு போகும்வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். எந்த வழியானாலும் முதலில் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அவசர எண்ணில் இல்லாமல் சாதாரண எண்ணில் ஒரு போன். சில இடங்களில் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். காலி டப்பாவைக் கழுவி, லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் எறிய வேண்டும். லேபிளோடு விட்டால் யாராவது அதில் வேறு எதையாவது ஊற்றி வைப்பார்கள். பிளாஸ்டிக் குப்பி ஞாபகம் இருக்கிறதல்லவா.

நம்முடையது கெடாமல் இருக்க

அசல் டப்பாவிலேயே, வீட்டுக்குள், சூடு ஏறாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே வியர்க்கும். பலர் செய்யும் பெரிய தவறு பவுடரைத் துப்பாக்கிப் பெட்டகத்தில் பூட்டுவது. புகையில்லா பவுடர் திறந்து கிடந்தால் எரியும். இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் எரிந்தால் பெட்டியே குண்டாகிவிடும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியான என்எஃப்பிஏ 495 வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாக்களில் வைக்க விடுகிறது. அதற்குமேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். வெளிச் சூடு உள்ளே சீக்கிரம் ஏறாமல் இருக்கவும், தீ பிடித்தால் திறந்துகொண்டு அழுத்தம் வெளியேறவும்தான் மரம்.

வேலை முடிந்ததும் பவுடர் அளக்கும் கருவியின் குடுவையில் மிச்சத்தை விட்டுப் போகாதீர்கள். நான் முதல் வருடத்தில் ஓர் இரவு விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பிப் பார்த்தேன். நைட்ரோகிளிசரின் வகை, பிளாஸ்டிக் குடுவை உள்பக்கம் அரித்து, பனி மூடிய கண்ணாடி போல் ஆகியிருந்தது. அதைவிடக் கொடுமை, உள்ளே இருந்தது என்ன பவுடர் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. பக்கத்தில் இரண்டு டப்பா நின்றன. அன்றிலிருந்து மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். வாங்கிய தேதியையும் திறந்த தேதியையும் மூடியில் மார்க்கரால் எழுதுவேன். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கிறபோது, எல்லா மூடியையும் திறந்து முகர்ந்து பார்த்துவிடுவேன்.

பெரியவர் வீட்டு ஏழில் கடைசியில் என் அலமாரிக்கு வந்தவை இரண்டு. மூன்றாவது அட்டை உருளை கட்டியும் நெடியுமாக இருந்தது. அது, துருப்பிடித்த தகரம், பெயர் மாறிய குப்பி, இரண்டு கரண்டி மிச்சம், திறக்காமலே தீர்ப்பான காபி டப்பா, ஐந்தும் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுக்கொண்டு அந்த அம்மாளின் பின்பக்கப் புல்வெளியில் போயின. வேலியோரம் கை தவறிக் கொஞ்சம் தடிப்பாக விழுந்துவிட்டது. அடுத்த மாதம் போனபோது அவர் என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார். சுற்றிலும் வாடிக் கிடந்த புல்லில் அந்த ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது. "நல்ல பவுடர் என்றுதானே அவரும் சொன்னார்," என்றார்.